வேருக்கு மூலை கிடையாது

ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியார் மைக்கைப் பிடித்து அறிவிப்பு வாசித்தார். எங்கள் கோயிலில் ஃபாதருக்கு அடுத்த ஆள் அவர்தான். பாட்டு, மணி, கல்யாண ஓலை, கல்லறைத் தோட்டத்துச் சாவி எல்லாம் அவர் கையில். ஒரகடம் போகிற சாலையை அகலப்படுத்துகிறார்கள், கல்லறைத் தோட்டத்தின் மேற்குப் பக்கம் பத்தடி அதில் போகிறது, அந்தப் பக்கம் யாருக்காவது குழி இருந்தால் எடுத்து உள்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், எட்டாம் நாள் திங்கட்கிழமை ஜேசிபி வந்துவிடும் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. எங்கள் பிள்ளை கிழக்குப் பக்கம், மாமனார் கல்லறையின் காலடியில் இருக்கிறான். பாவம் யாருக்கோ அலைச்சல் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் 'உச்' கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பு எங்களுக்கு முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. ஆண் பிள்ளை. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எனக்கு நினைவு திரும்பியபோது அடக்கமே முடிந்துவிட்டது. பார்த்தால் தாங்கமாட்டாள் என்று யாரும் எனக்குக் காட்டவில்லை. காட்டுங்கள் என்று கேட்க, இத்தனை வாய் பேசுகிற எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதுதான் கேட்டேன்.

"எங்க வச்சிய?"

"அப்பா காலாண்ட வெச்சிருக்கேன்மா," என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்து நடமாடினேன். மாமனாரை நான் பார்த்ததில்லை. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே போய்விட்டார். ஆனாலும் பேரனைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கிறார் என்று மனசு சமாதானப்பட்டது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மாமனார் தலைமாட்டில் பெரிய மெழுகுவர்த்தி, காலடியில் சின்ன மெழுகுவர்த்தி. "பிள்ளைய நல்லா பாத்துக்கிடுங்க மாமா" என்று சத்தமாகவே சொல்லுவேன். பிறகு ஒரு மகள் பிறந்தாள், இப்போது மூன்றாம் வகுப்பு. அவளும் போகும்போது அண்ணனுக்கு ஒரு சாமந்தி வைப்பாள்.

நான் தூத்துக்குடிப் பக்கம். வேலைக்கு வந்து, விடுதியில் ஆறு பேரோடு ஒரு அறையில் கிடந்து, ஒரே கம்பெனியில் வேலை பார்த்த இந்த ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டவள். அவர் பேச்சு எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. என் பேச்சைக் கேட்டு அவர் சிரிப்பதை இன்னும் நிறுத்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சிரிக்கவில்லை. தட்டில் கறிக்குழம்பு ஆறிக் கிடந்தது. கறிக்குழம்பை ஆற விடுகிற மனுஷன் இல்லை அவர்.

"என்ன, சூப்பர்வைசர் ஓ.டி. பாக்கச் சொல்லிட்டாரா? மூஞ்சி ஏன் இப்படிக் கிடக்கு?"

"அது இல்லம்மா."

"பிறகு?"

மகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். அதை ஒரு தடவை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு சொன்னார். "புள்ள அப்பா காலாண்ட இல்ல. வேலியாண்ட கீறான். மேக்கால வேலி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர்தான் துண்டு துண்டாகச் சொன்னார். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளையைக் குடும்ப வரிசையில் வைப்பது வழக்கமில்லை என்று அப்போதிருந்த பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஃபாதரைக் கூப்பிட வேண்டியதில்லை, சிலுவை நட வேண்டியதில்லை, பொழுது சாயும் நேரமாக வேலியோரத்தில் வைத்துவிட்டு வந்துவிடு என்று. பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், கையில் பிள்ளை, அந்த நேரத்தில் யாரோடு சண்டை போடுவது? கேட்டுக்கொண்டார். காய்ந்த மாலைகளைக் குவித்து எரிக்கிற இடம் அது. அதை என்னிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். அன்றைக்கு உடனே வரவில்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டுமே. தட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டுத் தேய்க்கும்போதுதான் வந்தது.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறது கேட்டிருக்கேன். நீங்க பெத்த பிள்ளையவே மறைச்சிருக்கிய. பத்து வருசமா மெழுகுவத்தி ஏத்துனேனே, யாருக்கு ஏத்துனேன்? வெறும் தரைக்கா?"

அவர் அடுப்படி வாசலில் நின்றார். "அப்பா காலாண்டன்னு சொன்னதும் நீ சிரிச்சேம்மா. ஆஸ்பத்திரிக்குப் போனதுலேர்ந்து அன்னிக்கிதான் மொத தபா சிரிச்சே. அதுக்கு அப்பால எப்டி மாத்திச் சொல்றது?"

எனக்குச் சிரித்தது ஞாபகமே இல்லை. கையில் சோப்பு நுரையோடு நின்று அழுதேன். அவர் என்னை நகர்த்திவிட்டு, மிச்சப் பாத்திரத்தை அவரே கழுவினார்.

பொய் சொன்ன ஆள்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் திங்கட்கிழமை என்று ஒன்று இருந்தது. ஜேசிபி வந்தால் பத்தடி மண்ணையும் அள்ளி லாரியில் கொட்டும். அது எந்தக் கம்பெனி பள்ளத்தை நிரப்பப் போகுமோ யாருக்குத் தெரியும். அதற்குள் பிள்ளையை எடுத்தாக வேண்டும். இரண்டு பேருக்கும் சனிக்கிழமைதான் லீவு கிடைத்தது.

அந்தச் சனிக்கிழமை மகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. அவளை அனுப்பிவிட்டுக் கடப்பாரை, மண்வெட்டி, ஒரு கொத்தனார் கரணை எடுத்துக்கொண்டு போனோம். சாலைக்காரர்கள் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என் வீட்டுக்காரர் மலங்க மலங்க விழித்தார். அவர் வைத்திருந்த அடையாளம், மூலையிலிருந்து மூன்றாவது கல்தூண். இடையில் கல்தூண்களைப் பிடுங்கிவிட்டு சிமெண்ட் பலகைச் சுவர் கட்டிவிட்டார்கள். மூலையும் தள்ளிப் போயிருந்தது. நட்டு வைத்த அடையாளத்தையே பிடுங்கிக்கொண்டு போனால் மனுஷன் என்ன செய்வான்?

"இங்கதாம்மா" என்று ஓர் இடத்தில் தோண்டினார். இடுப்பளவு வரை சிவப்பு மண். ஒன்றுமில்லை. "இல்ல, கொஞ்சம் அந்தாண்ட" என்று இன்னொரு குழி. அதிலும் இல்லை. நான் மேலே உட்கார்ந்து அவர் வெட்டிப் போட்ட மண்ணைக் கையால் உதிர்த்து உதிர்த்துப் பார்த்தேன். எதைத் தேடினேன் என்று இப்போது சொல்லக் கஷ்டமாக இருக்கிறது.

பிள்ளையை எதில் வைத்தீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். கம்பெனிக்கு மெஷின் வந்திறங்குகிற பைன் மரப் பலகைகளை கேட் பாஸ் போட்டு வாங்கி வந்து, அவரே அறுத்து ஆணி அடித்துப் பெட்டி செய்தாராம். என் பழைய வாயில் பருத்திப் புடவை ஒன்றை மடித்து உள்ளே விரித்தாராம். அந்தப் புடவையை நான் எத்தனை நாள் தேடியிருக்கிறேன். பைன் மரம் கரையானுக்குச் சர்க்கரை. புடவை ஒரு மழைக்காலம் தாங்காது. பச்சைப் பிள்ளையின் எலும்பு அமிலம் ஏறிப் புளித்த இந்த மண்ணில் பத்து வருஷம் நிற்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்ல மனசு வரவில்லை. மூன்றாவது குழியில் அவர் கடப்பாரையைப் போட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

"நா மறந்துட்டேம்மா. புள்ளய எங்க வெச்சேன்னே மறந்துட்டேன்."

நான் குழிக்குள் இறங்கினேன். அவர் தோளில் கை வைத்து நின்றபோது குழியின் சுவரைப் பார்த்தேன். சிவப்பு மண்ணில் சாம்பல் கலந்த வெள்ளையாக, விரல் தடிமனுக்கு ஒரு கோடு இறங்கிப் போனது. அதைச் சுற்றித் துருநிறத்தில் ஒரு கரை. கரணையால் சுரண்டினேன். உள்ளே பனை வேரின் நார் மக்கிக் கிடந்தது.

நான் படித்தது மண்ணியல். வேலை பார்ப்பது இரும்பு வார்க்கிற ஆலையில், மணல் சோதிக்கிற லேபில். படிப்புக்கும் வேலைக்கும் மணல் மட்டும்தான் ஒற்றுமை என்று கிண்டல் செய்வேன். ஆனால் படித்தது எங்கேயும் போய்விடவில்லை. மண் சிவப்பாக இருப்பது துருவால்தான். ஒவ்வொரு மண் பொடியின் மேலும் இரும்பு ஒரு பூச்சாக ஒட்டியிருக்கிறது. இலையோ வேரோ உடம்போ மண்ணுக்குள் மக்கும்போது, அதைத் தின்கிற கிருமிகள் முதலில் காற்றைத் தீர்த்துவிடும். காற்று தீர்ந்ததும் துருவுக்குள் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அப்போது இரும்பு கரைந்து தண்ணீரோடு நகரும், மண் வெளுத்துப் போகும். நகர்ந்த இரும்பு ஒரு சாண் தள்ளிக் காற்றுப் படுகிற இடத்துக்கு வந்ததும் மறுபடி துருவாகி அங்கேயே இறுகிவிடும். நடுவில் வெள்ளை, சுற்றிலும் துரு. உயிர் இருந்த இடத்துக்கு மண் போடுகிற கோடு அது.

இதே காரியம் பெரிய சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருஷம் நடந்தால், வெட்டி எடுத்து உருக்குகிற அளவுக்கு இரும்புத் தாது சேர்ந்துவிடும். செம்பும் யுரேனியமும் வேறு ரகம். அவை தண்ணீரில் கரைந்து அலைந்துகொண்டே இருக்கும், மக்குகிற கட்டை ஒன்றைக் கண்டால் அங்கேயே தங்கிவிடும். ஆற்று மணலில் புதைந்து செம்புத் தாதுவாகவே மாறிவிட்ட மரத் துண்டு ஒன்று எங்கள் கல்லூரியில் இருந்தது. மரத்தின் ரேகை அப்படியே தெரியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் படித்தது எட்டு மார்க்குக்காக. என் பிள்ளையைத் தேட அது வேண்டியிருக்கும் என்று யார் கண்டார்கள்?

"எலும்பத் தேடாதிய," என்றேன். "பெட்டியவும் தேடாதிய. வெளுத்த மண்ணத் தேடுங்க."

"வெளுத்த மண்ணா? இன்னாத்துக்கு?"

"பிறகு சொல்லுதேன். தோண்டுங்க."

அந்த வேலியோரம் ஏரிக்குப் போகிற கால்வாயின் சரிவு. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், சித்திரைக்குள் காய்ந்துவிடும். நனைவதும் காய்வதுமாக இருக்கிற இடத்தில் இரும்பு சீக்கிரம் நகரும், சீக்கிரம் இறுகும். பத்து வருஷம் போதும் என்று எனக்குத் தோன்றியது. போதாது என்றால் என்ன செய்வது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

அவர் அதற்குப் பிறகு கடப்பாரையைத் தொடவில்லை. சுவரோடு சுவராக மண்வெட்டியால் மெல்லச் சீவிக்கொண்டே வந்தார். வெள்ளை தெரிகிற இடமெல்லாம் நிறுத்துவார், நான் கரணையால் துடைத்துப் பார்ப்பேன். "இதுவா?" என்பார். வேர். அடுத்ததும் வேர். எல்லாம் குழாய் மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. ஒரு தடவை அவரே பொறுமை இழந்து, "எல்லாம் ஒரே மாதிரி கீதும்மா. நீ எப்டி கண்டுபிடிப்பே?" என்று கேட்டார். கண்டால் தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

வெயில் உச்சிக்கு வந்த நேரம் ஓர் இடத்தில் வெள்ளை தெரிந்தது. உள்ளங்கை அகலம். அதன் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே போனேன். துருக்கரை நேராகப் போயிற்று. ஒன்றரைச் சாண் நேராகப் போய், சட்டென்று ஒரு பக்கமாகத் திரும்பியது. என் கை அங்கேயே நின்றுவிட்டது.

"என்னங்க. இங்க வாங்க."

"வேரா?"

"வேருக்கு மூலை கிடையாது," என்றேன்.

அவர் மண்டியிட்டு அந்த மூலையில் விரலை வைத்தார். துரு அங்கே புளியங்கொட்டை அளவுக்குக் கட்டியாகத் திரண்டிருந்தது. "ஆணி," என்றார். "மூலைக்கு ரெண்டு அடிச்சேன்." பிறகு கையை விரித்துச் சாண் போட்டார். நீளம் மூன்று சாண். அகலம் ஒன்றரை. அந்தப் பலகையை அறுத்த கை அது, அதற்குத் தெரியாதா? அவர் நெற்றியை அந்த மண்ணில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. பத்து வருஷத்துக்கும் சேர்த்து அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் கோபம் எப்போது போனது என்று கேட்டால் அப்போதுதான் போனது.

உள்ளே எலும்பு இல்லை, துணி இல்லை, ஒன்றும் இல்லை. மெத்தென்ற வெளிர் களிமண். விரலால் தடவினால் மாவு போல இருந்தது. மண் ஏன் வெளுத்தது, துரு ஏன் சுற்றி இறுகியது என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே துருக்கரை உடையாமல் சுற்றி வெட்டி, சுவரோரம் கிடந்த பலகை ஒன்றை அடியில் செருகி, பெட்டி அளவுக்கு அப்படியே தூக்கினோம். இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. என் துப்பட்டாவை விரித்து அதில் வைத்துக் கட்டினேன்.

உபதேசியார் அப்போதுதான் வந்தார். "இன்னாம்மா, எலும்பு கிலும்பு எதனா கெடச்சுதா?"

"எலும்பு இல்ல உபதேசியாரே. பிள்ள கெடச்சுட்டான்."

அவர் துப்பட்டாவை விலக்கிப் பார்த்தார். "மண்ணாகீதேம்மா," என்றார். இளக்காரமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. நான் கல்லூரிப் பாடத்தை ஆரம்பிக்கப் போனேன். அதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"சுத்தி இருக்குற செவப்பு மண்ணப் பாரு. இதப் பாரு. புள்ள இருந்த எடம் மட்டும் வெளுத்துக் கீது. அவன் கரைஞ்சி இதுலதான் கீறான். இரும்பு அவனச் சுத்திப் பொட்டி கட்டிக்கினு கீது."

அரைமணி நேரத்துக்கு முன்பு அவருக்கே தெரியாத பாடம். என்னைவிட நன்றாகச் சொன்னார். உபதேசியார் துருக்கரையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். மாமனார் காலடியில் என்று சொன்னேன். ஃபாதரைக் கேட்க வேண்டும் என்று தயங்கினார். கேட்போம் என்று போன் போட்டேன். சண்டைக்குத் தயாராகத்தான் பேசினேன். ஃபாதர் முழுசாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு என்னம்மா கேள்வி, நம்ம பிள்ளைதானே. குழி ரெடியானதும் சொல்லுங்க, வந்து மந்திரிக்கிறேன்" என்றார். பத்து வருஷமாக ஒரு மனுஷனைத் தூங்கவிடாமல் செய்த விஷயம் ஒரு நிமிஷப் போனில் முடிந்துவிட்டது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நாலு மணிக்கு ஃபாதர் வந்தார். ஜெபம் சொல்லித் தண்ணீர் தெளித்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் சீருடையோடு நின்று ஒரு பிடி மண் போட்டாள். வாங்கி வந்திருந்த மரச் சிலுவையில் பெயர் எழுத உபதேசியார் பெயிண்ட் டப்பாவோடு நின்றார். "பேரு வைக்கலியே" என்று நான் சொன்னேன். குடும்பப் பெயரை மட்டும் எழுதலாமா என்று அவர் கேட்டார். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து, என்னைப் பார்த்து, மூடிக்கொண்டார். "நாளைக்கி எழுதிக்கலாம்," என்றார். உபதேசியார் எங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு, தோட்டத்தைப் பூட்டச் சாவியை எடுத்துவரப் போனார்.

நாங்கள் இருவரும் குழாயடியில் கை கழுவினோம். நகக்கண்ணில் ஏறிய துரு போகவே இல்லை. அவரைத் தவிர அந்தப் பிள்ளையின் முகத்தை ஒழுங்காகப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. பத்து வருஷம் நான் அதைக் கேட்டதில்லை. கேட்டால் அவர் உடைந்துவிடுவார் என்று நானும், சொன்னால் நான் உடைந்துவிடுவேன் என்று அவரும் இருந்துவிட்டோம்.

"எப்படி இருந்தான்?" என்று கேட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தல நெறைய முடி. கறுகறுன்னு. மூக்கு உன்னுது. காது என்னுது. வெரலெல்லாம் நீளம்." சொட்டிய குழாயை இறுக்கி மூடினார். "மூடி போடறதுக்கு முன்னால பேரு வெச்சேம்மா. காதுல மூணு தபா சொன்னேன். பேரு இல்லாம எப்டி அனுப்புறது? உன்னக் கேக்காம வெச்சிட்டேன்."

"சொல்லுங்க."

சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினோம். சாலையில் ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நின்றன. அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தப் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"இன்னாம்மா?" என்று அவர் பாதி திரும்பினார்.

"உங்களை இல்ல," என்றேன். "பிள்ளையைக் கூப்பிட்டேன்."